ஒரு கிவாவுக்கு எத்தனை அறைகள்?

அமெரிக்கத் தென்மேற்கின் பழைய பியூப்ளோ மக்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். செங்குத்துப் பாறையின் பொந்துக்குள் கல்வீடுகள், பின்னணியில் புல்லாங்குழல், கனத்த குரலில் "இவர்கள் எங்கே போனார்கள்?" என்று ஒரு கேள்வி. முடியும்போது "மர்மமாக மறைந்த நாகரிகம்" என்று திரையை மூடிவிடுவார்கள்.

எங்கே போனார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. நியூ மெக்சிகோவில் 19 பியூப்ளோ சமூகங்கள், அரிசோனாவில் ஹோப்பிகள், டெக்சஸில் ஒரு சமூகம் என்று அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி வேறு. போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார்கள், எதை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள்? இதற்கு ஓரளவு பதில் சொல்லக்கூடிய ஒரு எளிய வகுத்தல் கணக்கு இருக்கிறது. ஊரில் உள்ள அறைகளின் எண்ணிக்கையை கிவாக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கிவா என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்.

பெயர்களும் நிலமும்

முதலில் பெயர்கள். "பியூப்ளோ" என்றால் ஸ்பானிஷ் மொழியில் ஊர். 16ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர்கள், அடுக்கடுக்காக வீடு கட்டி ஒரே இடத்தில் வாழ்ந்த மக்களைப் பார்த்து வைத்த பெயர். பழைய புத்தகங்களில் இவர்களின் முன்னோர்களை "அனசாஸி" என்று எழுதியிருப்பார்கள். அது நவஹோ மொழிச் சொல், ஏறக்குறைய "பகைவரின் முன்னோர்" என்று பொருள். வழித்தோன்றல்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. இப்போது "மூதாதைப் பியூப்ளோ மக்கள்" என்றே ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இன்னொரு சொல் "மேசா". உச்சி தட்டையான குன்று. ஸ்பானிஷில் மேசை என்று பொருள். நம் "மேசை"யும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த அதே சொல்தான்.

யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ நான்கும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்தப் புள்ளியைச் சுற்றிய வறண்ட மேட்டுநிலம்தான் நம் களம். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் முக்கியப் பயிர்கள். பெரும்பாலும் மானாவாரி. மழை தவறினால் விளைச்சல் போச்சு, பனி சீக்கிரம் விழுந்தாலும் போச்சு. வளர்ப்புப் பிராணிகள் என்றால் நாயும் வான்கோழியும் மட்டுமே. பாரம் இழுக்க மாடு இல்லை, சக்கரம் இல்லை, எழுத்து இல்லை.

எழுத்தே இல்லாத மக்களின் வரலாற்றில் ஆண்டுகளை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்? காரணம் ஒரு வானியலாளர். ஏ. இ. டக்ளஸ் சூரியப்புள்ளிகளின் சுழற்சியைத் தேடி மர வளையங்களை எண்ணத் தொடங்கியவர். 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்று, அதுவரை துண்டாக நின்ற பழைய வளைய வரிசையை நிகழ்கால வரிசையோடு இணைத்தது. அன்றிலிருந்து ஒரு வீட்டின் உத்தரத்தைப் பார்த்து, அந்த மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்றே சொல்ல முடிகிறது. கூடவே எந்த ஆண்டு மழை பொய்த்தது என்பதும் அதே வளையத்தில் பதிவாகியிருக்கிறது. தொல்லியலில் இப்படி ஒரு வசதி வேறு எந்தப் பகுதிக்கும் எளிதில் கிடைத்ததில்லை.

குழிவீட்டிலிருந்து கிவாவுக்கு

கி.பி. 500, 600களில் இவர்கள் குழிவீடுகளில் வாழ்ந்தார்கள். தரையைத் தோண்டி, மேலே மரச்சட்டமும் மண்ணும் போட்டு மூடிய வீடு. குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் மண்ணில் நட்ட மரம் உளுத்துவிடும், கூரை ஓட்டையாகும். ஒரு குழிவீட்டின் ஆயுள் ஏறக்குறைய ஒரு தலைமுறைதான். அதனால் பிள்ளைகள் வேறிடத்தில் புதுவீடு கட்டுவது சாதாரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் பெயர்வது இந்த மக்களுக்குப் பேரழிவின் அடையாளம் இல்லை, வாழ்க்கையின் வழக்கமான நடைமுறை.

750க்குப் பிறகு தரைக்கு மேல் அறைகள் வரிசையாக எழும்புகின்றன. முதலில் தானியம் சேமிக்க, பிறகு குடியிருக்கவும். குழிவீடு மட்டும் போகவில்லை, முற்றத்தில் அப்படியே நின்றது. அது மெல்ல மாறி வட்டமான, கல் கட்டிய நிலத்தடி அறை ஆகிறது. அதுதான் கிவா. கூரையில் உள்ள துளை வழியாக ஏணியில் இறங்க வேண்டும். நடுவில் நெருப்புக்குழி, காற்று உள்ளே வர ஒரு குழாய்வழி, அந்தக் காற்று நேராக நெருப்பில் அடிக்காமல் தடுக்க ஒரு சிறு தடுப்புக்கல். தரையில் "சிப்பாப்பு" என்ற சிறு குழி. மனிதர்கள் கீழுலகிலிருந்து இவ்வுலகுக்கு ஏறி வந்த வாசலின் அடையாளம் அது.

1903இல் டி. மிட்சல் ப்ரடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழிலால் மருத்துவர், நோயியல் பேராசிரியர். தொல்லியல் அவருக்கு விடுமுறைக் காலத்து ஆர்வம். நூற்றுக்கணக்கான இடிபாடுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: எங்கே போனாலும் ஒரே அமைப்புத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் ஒரு வரிசை அறைகள், அதற்குத் தெற்கே ஒரு கிவா, இன்னும் தெற்கே ஒரு குப்பைமேடு. ஒரு குடும்பம் அல்லது நெருங்கிய சில குடும்பங்களின் அலகு. ஊர் என்பது இந்த அலகுகளின் கூட்டல்.

கோட் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது உடனே பிடித்துப்போனது. ஒரு மாட்யூலை எழுதிவிட்டார்கள், பிறகு அதையே நானூறு வருடம் பிரதி எடுத்திருக்கிறார்கள்! இந்த அலகில் நம் வகுத்தல் கணக்கைப் போட்டால் ஒரு கிவாவுக்கு ஐந்து முதல் பத்து அறைகள் வரும். சடங்கும் சமையலும் உறக்கமும் ஒரே குடும்ப வட்டத்துக்குள் இருந்தன என்று அர்த்தம். அதனால்தான் இந்தச் சிறிய கிவாக்களைக் கோயில் என்று நினைக்காதீர்கள், இவை கடைசிக் குழிவீடுகள் என்று ஸ்டீவ் லெக்சன் போன்றவர்கள் வாதிடுகிறார்கள்.

எல்லோரும் கூட இடம் இல்லாமல் இல்லை. பெரும் கிவா என்று தனியாக ஒன்று உண்டு. பத்து மீட்டர் முதல் இருபது மீட்டர் விட்டம் வரை போகும். சிதறிக் கிடந்த பல குடும்ப அலகுகள் சில நாட்களில் அங்கே கூடின. வீடு தனித்தனி, கூடுமிடம் பொது.

சாக்கோ

இந்த ஒழுங்குக்குள் அடங்காத ஓர் இடம் நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு. 850 தொடங்கி 1150 வரை இங்கே பெருமாளிகைகள் எழுந்தன. அவற்றில் பெரியது பியூப்ளோ போனிட்டோ. 650 அறைகளுக்கு மேல், நான்கு ஐந்து மாடி உயரம். சாக்கோவின் கட்டடங்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மரங்களை எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைகளிலிருந்து ஆட்கள் சுமந்தே கொண்டுவந்தார்கள். சில இடங்களில் ஒன்பது மீட்டர் அகலம் வரும் நேர்கோட்டுச் சாலைகள் போட்டார்கள். சக்கரமே இல்லாத ஊரில் இவ்வளவு அகலச் சாலை எதற்கு? நடந்து போவதற்கு அது தேவையில்லை, ஊர்வலத்துக்கும் பெருமைக்கும்தான் வேண்டும்.

வகுத்தல் கணக்கு இங்கே ஏமாற்றும். அறைகள் ஏராளம், ஆனால் அடுப்பு இருந்த அறைகள் மிகக் குறைவு. பெரும்பகுதி காலியாகவோ கிடங்காகவோ இருந்திருக்கிறது. குடியிருந்தவர்கள் நூறு பேரா, பல நூறு பேரா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் யாரோ சிலர் உயர்ந்த நிலையில் இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் 33ஆம் எண் அறை. சின்ன அறை. அதில் 14 பேரின் எலும்புகளும் ஆயிரக்கணக்கான டர்காய்ஸ் மணிகளும் இருந்தன. 2017இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரே தாய்வழி மரபணு இருப்பதைக் காட்டியது. ஏறக்குறைய 330 வருடம் ஒரே தாய்வழிக் குடும்பம் அந்த அறையில் தன் முக்கியஸ்தர்களைப் புதைத்திருக்கிறது. ஹோப்பிகளிடமும் ஜூனிகளிடமும் குலம் இன்றும் தாய்வழிதான் என்பதோடு இது பொருந்துகிறது. அந்த எலும்புகளை ஆராயும் முன் வழித்தோன்றல்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கண்டனமும் எழுந்தது. மறைந்துபோனவர்கள் என்று முடிவு கட்டிவிட்டால் யாரிடம் கேட்பது என்ற எண்ணமே வராது, இல்லையா?

1130 முதல் 1180 வரை நீண்ட வறட்சி. மழை தருவோம் என்ற வாக்குறுதியில் நிற்கும் அதிகாரம் மழை நின்றால் நிற்காது. சாக்கோவின் மையம் கலைந்தது.

பாறைப் பொந்துகள்

அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படங்களில் வரும் மேசா வெர்டே. அங்கே சுமார் 600 பாறைக்குடியிருப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐந்து அறைக்குள் அடங்குபவை. பிரபலமான கிளிஃப் பேலஸ் ஒரு விதிவிலக்கு: சுமார் 150 அறைகள், 23 கிவாக்கள். வகுத்தால் 6.5. இன்னும் வடமேற்கே உள்ள சாண்ட் கேன்யன் பியூப்ளோ 1250க்குப் பிறகு ஓர் ஊற்றைச் சுற்றி, மதிலோடு எழுந்த ஊர். சுமார் 420 அறைகள், 90 கிவாக்கள். வகுத்தால் 4.7. மேசா வெர்டேயின் ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸில் சுமார் 130 அறை, 8 கிவா. அங்கே 16 வருகிறது. ஆக வேறுபாடு உண்டு, ஆனாலும் பொதுப்போக்கு தெளிவு.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். மக்கள் பயந்து ஒரே இடத்தில் நெருங்கிவிட்டார்கள். மதில் கட்டுகிறார்கள், கோபுரம் கட்டுகிறார்கள், தண்ணீர் ஊற்றைத் தங்கள் வசத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நானூறு அறை கொண்ட ஊர். ஆனால் உள்ளே பார்த்தால் அதே ப்ரடன் அலகு, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியது. சுவர் பொது, மனசு தனித்தனி. ஒவ்வொரு குடும்ப வட்டமும் தன் கிவாவைக் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஊருக்கு மொத்தமாகப் பொறுப்பேற்கும் அமைப்பு வலுவாக இருந்ததற்கான தடயம், அந்த ஊரின் அளவோடு ஒப்பிட்டால், குறைவு.

1276இல் அடுத்த பெரும் வறட்சி. 1299 வரை நீடித்தது. மக்காச்சோளம் குறைந்ததும் அதைத் தின்று வளர்ந்த வான்கோழியும் குறைந்தது. சாண்ட் கேன்யனின் கடைசிக் காலக் குப்பையில் காட்டு விலங்கும் காட்டுத் தாவரமும் அதிகம். பக்கத்தில் காஸில் ராக் என்ற சிற்றூரில் குறைந்தது 41 பேர் ஒரு தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். 1280களின் நடுவில் அந்தப் பிரதேசமே காலி. ஒரு தலைமுறைக்கு முன் இருபதாயிரத்துக்கும் மேல் மக்கள் இருந்ததாக மதிப்பிடப்படும் நிலம் அது.

சிமுலேஷன் சொன்ன விஷயம்

வறட்சியால் போனார்கள் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆய்வு வருகிறது. அரிசோனாவின் லாங் ஹவுஸ் வேலி, 96 சதுர கிலோமீட்டர் பள்ளத்தாக்கு. அங்கேயும் 1300 வாக்கில் மக்கள் முழுதாக வெளியேறிவிட்டார்கள். ராபர்ட் ஆக்ஸ்டெல், ஜோஷுவா எப்ஸ்டைன், ஜெஃப்ரி டீன் முதலானோர் அந்தப் பள்ளத்தாக்கைக் கணினிக்குள் கட்டினார்கள். 2002இல் வெளியான இந்த மாடலுக்கு "ஆர்டிஃபிஷியல் அனசாஸி" என்று பெயர்.

விதிகள் எளிமையானவை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஏஜென்ட், ஐந்து பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 160 கிலோ மக்காச்சோளம் வேண்டும். மர வளையங்களிலிருந்து எடுத்த உண்மையான தட்பவெப்பத்தை வைத்து ஒவ்வொரு வயலின் விளைச்சலையும் கணக்கிடுகிறார்கள். போதவில்லை என்றால் குடும்பம் வேறு வயல் தேடும், அதுவும் கிடைக்காவிட்டால் வெளியேறும். கி.பி. 800இலிருந்து ஓடவிட்டால், மக்கள்தொகை ஏறுவதும் இறங்குவதும் தொல்லியல் காட்டும் வளைவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 1300ஐ நெருங்கும்போது மட்டும் பிரிகிறது. நிஜத்தில் பூஜ்யம், மாடலில் பூஜ்யம் வரவில்லை. வறட்சிக்குப் பிறகும் அந்த மண் ஒரு சிறிய கூட்டத்துக்குச் சோறு போட்டிருக்கும்.

ஒரு மாடலின் மதிப்பு அது தவறும் இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எல்லாம் சோற்றுக் கணக்கு என்று வைத்து எழுதிய நிரல், சிலர் தங்கியிருக்கலாம் என்கிறது. யாரும் தங்கவில்லை. அப்படின்னா நிரலில் இல்லாத ஏதோ ஒன்று அவர்களை வெளியே தள்ளியது, அல்லது வெளியிலிருந்து இழுத்தது. அந்த ஆய்வாளர்களும் சமூகக் காரணங்களைத்தான் கை காட்டுகிறார்கள்.

என் வாசிப்பு இது. பத்துக் குடும்பத்துக்குச் சோறு இருக்கலாம். ஆனால் பத்துக் குடும்பத்தில் பெண் எடுக்க, பெண் கொடுக்க ஆள் கிடைக்காது. சடங்குகளை நடத்தத் தெரிந்தவர்கள் போய்விட்டால் நடவு எப்போது, அறுவடை எப்போது என்று சொல்ல ஆள் இருக்காது. காஸில் ராக்கில் நடந்தது மறுபடி நடந்தால் ஓடிவர அக்கம்பக்கம் இருக்காது. ஊர் என்பதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் மீதி இருப்பவர்களும் மூட்டை கட்டுவார்கள்.

போன இடத்தில்

தென்கிழக்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 1300க்குப் பிறகு பெரிய ஊர்கள் எழுகின்றன. தொல்லியலாளர்களைப் பல காலம் குழப்பிய விஷயம் என்னவென்றால், அங்கே மேசா வெர்டேயின் சாயல் மிகக் குறைவு. அதே மாதிரி கோபுரம் இல்லை, அதே மாதிரி அலகு இல்லை. ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் என்றால் பழைய பாணியில் கட்டியிருக்க வேண்டாமா?

ஸ்காட் ஆர்ட்மன் 2012இல் எழுதிய நூலில், இன்றைய டேவா மொழி பேசும் பியூப்ளோ மக்களின் முன்னோர் மேசா வெர்டே பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று மொழி, எலும்பு, வாய்மொழி மரபு எல்லாவற்றையும் சேர்த்து வாதிட்டார். 2017இல் வான்கோழிகள் சாட்சி சொல்ல வந்தன. மேசா வெர்டேயில் வளர்ந்த வான்கோழிகளின் மரபணு வகை, 1280க்குப் பிறகு ரியோ கிராண்டேயின் டேவா பகுதியில் பரவலாகத் தென்படுகிறது. கோழியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், மொழியைக் கொண்டு போனார்கள். வீடு கட்டும் முறையை விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது வகுத்துப் பார்ப்போம். நியூ மெக்சிகோவின் ஃப்ரிஹோலெஸ் பள்ளத்தாக்கில் ட்யுவோன்யி என்ற வட்ட வடிவ ஊர் இருக்கிறது. சுமார் 400 அறைகள், நடுவில் பெரிய முற்றம், முற்றத்தில் மூன்று கிவாக்கள். ஒரு கிவாவுக்கு 130 அறைக்கு மேல்! சாண்ட் கேன்யனும் ஏறக்குறைய இதே அளவு ஊர்தான். ஆனால் அங்கே 90, இங்கே 3.

கிவா வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. குடும்பத்தின் சொத்தாக இருந்தது ஊரின் சொத்தாகிவிட்டது. அறைகள் எல்லாம் ஒரே முற்றத்தைப் பார்க்கின்றன, நடனம் அங்கே நடக்கிறது, யார் வந்தார் யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் கச்சினா வழிபாடு பரவுகிறது. பல குலங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து செய்யும் சடங்கு அது. டேவா ஊர்களில் எல்லோரும் கோடை மக்கள், குளிர்கால மக்கள் என்று இரண்டு பாதி. ஒரு பாதியின் தலைவர் சில மாதம் ஊரை நடத்துவார், பிறகு மற்றவரிடம் ஒப்படைப்பார். ஓக்கே ஓவிங்கேவில் பிறந்து மானுடவியலாளரான அல்ஃபோன்சோ ஓர்ட்டிஸ் 1969இல் இதை விரிவாக எழுதினார். சாக்கோவைப் போல ஒரு குடும்பம் முந்நூறு வருடம் மேலே உட்கார இதில் வழியில்லை. சாண்ட் கேன்யனைப் போல ஆளுக்கொரு கிவாவும் இல்லை. இரண்டு முறையையும் பார்த்துச் சலித்தவர்கள் கட்டிய மூன்றாவது முறை என்றே எனக்குப் படுகிறது.

அதற்காகப் பிரிவே வராமல் இல்லை. ஹோப்பிகளின் ஓராய்வி, வட அமெரிக்காவில் தொடர்ந்து மக்கள் வாழும் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. அமெரிக்க அரசின் பள்ளிக்கூடங்களை ஏற்பதா வேண்டாமா என்பதில் தொடங்கிய பிளவு முற்றி, 1906 செப்டம்பர் 8 அன்று தரையில் ஒரு கோடு கிழித்தார்கள். இரு தரப்பும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தள்ள வேண்டும். எதிர்ப்புத் தரப்பின் தலைவர் யுகியூமா கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டார். அன்றே அவருடைய ஆட்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போய் ஹோட்டேவில்லாவை உருவாக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. காலியாக நிற்கும் பழைய வீடுகளைப் பார்க்கும் வெளியாள் "மறைந்தார்கள்" என்பான். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஊர் இரண்டாகப் பிரிந்த கதை. பியூப்ளோ வரலாற்றில் பல காலி ஊர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கோடு இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு செய்தி. 1891இல் குஸ்டாஃப் நோர்டென்ஷோல்ட் என்ற இளம் ஸ்வீடன்காரர் மேசா வெர்டேயைத் தோண்டி, கிடைத்ததையெல்லாம் கப்பலேற்றினார். அவரைக் கைது செய்தார்கள், தடுக்கும் சட்டம் அப்போது இல்லாததால் விட்டுவிட்டார்கள். அந்தச் சேகரிப்பு பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2020இல் அதிலிருந்து சுமார் 20 பேரின் எலும்புகளும் அவர்களோடு புதைத்த 28 பொருட்களும் திரும்பி வந்தன. ஹோப்பி, ஜூனி, ஆகோமா, ஸியா சமூகத்தவர் பெற்றுக்கொண்டு மேசா வெர்டேயிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள்.

எலும்பை வாங்கிப் புதைக்க உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இனிமேலாவது அந்த ஆவணப்படங்களின் முதல் கேள்வியை மாற்றலாம்.